அவள் போதும் என்றாள், நீ நிறுத்தினாய்

எய்யா,

இந்தக் கடிதத்தை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். வேண்டுமென்றேதான் அனுப்பவில்லை. நம் குடும்பத்து குரூப்பிலேயே போடுகிறேன். போன வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த குரூப்பில் உன்னைப் பற்றி வராத பேச்சு இல்லை. காலை வணக்கமும் கோலப் படமும் போடுவதைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள்கூடப் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறார்கள். நீ ஒரு வார்த்தையும் பதில் போடாமல் அடையாறில் சிநேகிதன் வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாய். நானும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு படித்தேன். என் மகனைப் பற்றி எல்லாரும் கூடிப் பேசினால், நான் பேசுவதையும் எல்லாரும் கூடிக் கேட்கட்டும். நீளமாக இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் கோலப் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. உன் பெரியப்பா, என் அண்ணன், தீர்ப்புச் சொல்லிவிட்டார். காலையில் நீ மந்தைவெளியில் அக்கா வீட்டுக்குப் போய், அவளுடைய மாமனார் மாமியார் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆசாரி வருவார். நீ மறுபடி அக்கா மகள் சஷ்டிகாவை மடியில் வைத்து, இந்தத் தடவை அசையவிடாமல் பிடித்துக்கொள்ள, அவளுடைய இன்னொரு காதையும் குத்துவார்கள். திங்கட்கிழமை நீ கோபாலபுரத்தில் அந்தப் பிள்ளைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேரக் கூடாது, தி.நகரில் நம் துணிக்கடைக்கு வந்துவிட வேண்டும். "உன் மகன்கிட்ட சொல்லிரு" என்றார் அண்ணன். சொல்லிவிட்டேன். இனி நான் சொல்வதைக் கேள். நாளை அங்கே நீ போக வேண்டாம். திங்கட்கிழமை கோபாலபுரம் போ.

நடந்ததை ஒரு தரம் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். காதுகுத்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் பந்தியில் இடம் பிடிக்கப் போயிருந்தார்கள், அவர்கள்தான் இப்போது அதிகம் எழுதுகிறார்கள். வடபழனியில் சாமி கும்பிட்டுவிட்டுப் பக்கத்து மண்டபத்துக்கு வந்தோம். ஒரு வயதிலோ மூன்று வயதிலோ குத்தியிருக்க வேண்டிய காது, ஏதேதோ காரணத்தால் தள்ளிப்போய் ஐந்து வயதில் வந்து நின்றது. கைக்குழந்தை என்றால் அழுதுவிட்டுப் பால் குடித்துத் தூங்கிவிடும். ஐந்து வயது அப்படி இல்லை. அவளுக்கு ஊசி தெரியும், வலி தெரியும், பெரியவர்கள் பொய் சொல்லும்போது முகம் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாம் அவள் கன்னத்தைக் கிள்ளி, "எறும்பு கடிக்கிற மாதிரிதான் செல்லம்" என்றார்கள். உன் அம்மா, "பூ வைக்கிற மாதிரிதான் இருக்கும்" என்றாள். நான் எல்லாரையும் விட ஒரு படி மேலே போய், வலிக்கவே வலிக்காது என்றேன். கடைசியில் அவள் உன்னிடம் வந்தாள். நீ தாய்மாமன், உன் மடியில்தான் அவள் உட்கார வேண்டும்.

"மாமா, வலிக்குமா?"

"வலிக்கும். ஒவ்வொரு காதுக்கும் ஒரு தடவ, சுருக்குனு. அப்புறம் கொஞ்ச நேரம் எரியும்."

"ரொம்பவா?"

"தெரியல. உனக்குப் போதும்னு இருந்தா போதும்னு சொல்லு. நான் நிறுத்திடறேன்."

சீர்த்தட்டில் ஆப்பிள் அடுக்கிக்கொண்டிருந்த என் காதில் இது விழுந்தது. பிள்ளையைச் சமாதானப்படுத்த ஏதோ சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளிடம் நாம் எதைத்தான் சொல்லவில்லை?

பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். ஆசாரி இரண்டு காதிலும் குங்குமத்தால் புள்ளி வைத்தார். வலது காதைக் குத்தினார். வீறிட்டாள். பிறகு அழுகைக்கு நடுவே, "மாமா, போதும்" என்றாள். கூச்சல் போட்டுச் சொல்லவில்லை, உனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். பக்கத்தில் தாம்பாளத்தோடு நின்றதால் எனக்கும் கேட்டது. நீ ஆசாரியின் கையைத் தடுத்தாய்.

"நிறுத்துங்கண்ணா."

"இன்னா சார், இன்னொரு காது கீதே. கெட்டியா புடிச்சிக்கோ, ஒரு செகண்ட்ல முடிச்சிடறேன்."

அதற்குள் பெரியப்பா எழுந்து வந்துவிட்டார். "ஏலே, புடில! ரெண்டு கையையும் சேத்துப் புடி!"

"வேணாம் பெரியப்பா. போதும்னு சொல்லிட்டா."

"யாரு சொன்னா?"

"சஷ்டிகா."

மண்டபமே சிரித்தது. பெரியப்பா சிரிக்கவில்லை. "அஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட உத்தரவு கேக்கியோ? அவள இங்க குடு, நான் புடிக்கேன்" என்று கையை நீட்டினார். நீ எழுந்தாய். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாய். இவ்வளவு ரகளைக்கும் காரணம் அதுதான். ஒற்றைக் காதை அவர் மறந்துவிடுவார், அந்த முதுகை மறக்க மாட்டார். நம் குடும்பத்தில் அவரிடமிருந்து அப்படித் திரும்பியவர்கள் யாருமில்லை. "ஒரு முடிவு சொல்லுங்க சார், அடுத்த எடத்துக்குப் போவணும்" என்று ஆசாரி கேட்டபோது, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாம்பாளத்தைப் பார்த்தேன்.

நீ செய்ததில் ஒரு பிழை இருக்கிறது, அதையும் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "என்கிட்ட கேட்டியாடா நீ? அவ என் பொண்ணு" என்று அவள் மண்டபத்து வாசலில் நின்று அழுதாள். அந்த அழுகை நியாயமானது. அவளிடம் மன்னிப்புக் கேள், போனில் கேட்காதே, நாளை வேண்டாம், இன்னொரு நாள் நேரில் போய்க் கேள். ஆனால் அது அவளுக்கு மட்டும். வேறு யாருக்கும் நீ ஒரு மன்னிப்பும் பாக்கி இல்லை.

"அஞ்சு வயசுப் பிள்ளைக்குக் கொடுத்ததெல்லாம் ஒரு வாக்கா?" என்று குரூப்பில் ஒருவர் கேட்டிருக்கிறார். நம் கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மயிலாப்பூரிலிருந்து ஓர் அம்மா சிவப்பு லைனிங் துணி வாங்கிப் போனார். சாயம் போகாது என்று கடைப் பையன் சொல்லியிருக்கிறான். போய்விட்டது, பட்டு ரவிக்கை முழுக்கக் கறை. அவர் பல மாதம் கழித்துத்தான் வந்தார், பில்லும் இல்லை. பெரியப்பா மறுபேச்சில்லாமல் புதுத் துணி வெட்டிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டு அனுப்பினார். பில் இல்லையே அண்ணே என்று நான் இழுத்தேன். "பில்லு எதுக்குல? நம்ம கடைல நின்னு சொன்ன வார்த்தைல்லா" என்றார். அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன். அந்த அம்மா நாலு பேரிடம் சொன்னால் கடைப் பெயர் கெடும். சஷ்டிகா யாரிடம் போய்ச் சொல்வாள்? அவள் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை என்பதால் அவளுக்குக் கொடுத்த வார்த்தை சாயம் போகலாமா? மாமன் மடி என்று பெரிதாகச் சொல்கிறோமே, எதற்கு அந்த மடி? பிள்ளையை அமுக்கிப் பிடிப்பதற்கு என்றால் ஒரு நாற்காலியும் கயிறும் போதும்.

இனி உன் வேலைக்கு வருகிறேன். "பி.காம். படிச்சிட்டு ஆயா வேலையா?" என்பது இன்னொரு கேள்வி. ஆமாம், ஆயா வேலைதான். அதைக் கேவலமாகச் சொல்கிறவர்கள் எல்லாரும் யாரோ ஒரு ஆயா கழுவிவிட்டு வளர்ந்தவர்கள்தான். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து அம்மா அப்பா ஆபீசிலிருந்து வரும்வரை பிள்ளைகளைக் கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். சாப்பிட வைப்பது, வீட்டுப்பாடம், விளையாட்டு, சண்டை தீர்ப்பது, நனைந்த டிரவுசரை மாற்றுவது எல்லாம் அதில் உண்டு. வேலை செய்துகொண்டே கற்கிற படிப்பு, சனிக்கிழமை வகுப்பு. இதெல்லாம் எந்த வீட்டிலும் எவளோ ஒருத்தி சும்மா செய்கிற காரியம் என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். நம் கடையிலேயே பாருங்கள். மதியம் மூன்றரை ஆனால் வேலை பார்க்கிற பெண்கள் ஒவ்வொருத்தியாக கவுண்டருக்குக் கீழே குனிந்து போனைப் பார்ப்பார்கள். பிள்ளை வீடு வந்ததா, கதவைத் தாழ் போட்டதா, சாப்பிட்டதா என்று. போனை எடுக்கக் கூடாது என்று ஒரு போர்டு எழுதி மாட்டினோம், அதற்கு மேல் நமக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தீபாவளி சமயத்தில் கடையில் நீ என்ன செய்வாய் என்று பெரியப்பாவுக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது பத்தாம் வகுப்பு. அம்மாக்கள் ரவிக்கைத் துணிக்குப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்க, கூட வந்த பிள்ளைகளை எல்லாம் மாடிப்படியில் உட்கார வைத்து வெட்டுத் துணியில் பொம்மை செய்து காட்டுவாய். அழுத பிள்ளை வாயை மூடும், அம்மா இன்னும் இரண்டு துணி பார்ப்பாள். "இவன் நம்ம கடைக்குக் கெடச்ச வரம்ல" என்று பெரியப்பா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் பூரித்துப் போவார். அதே பையன், அதே பிள்ளைகள். வியாபாரத்துக்கு என்றால் வரம், பிள்ளைகளுக்காகவே என்றால் மானக்கேடு. இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

போன மாதம் நீ வேலையைப் பார்த்துப் பழகக் கோபாலபுரம் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு நாள் சாயங்காலம் உன்னிடம் சொல்லாமல் நான் வந்தேன். அப்படி என்னதான் செய்கிறான் என்று பார்க்கத்தான். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பையன் பையை மாட்டிக்கொண்டு நின்றான். மற்ற பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். "எங்கம்மா இப்ப வந்துருவாங்களா?" என்று உன்னிடம் கேட்டான். நானாக இருந்தால், இதோ வந்துட்டாங்க என்று சொல்லியிருப்பேன். நீ அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, "எப்பன்னு தெரியலடா. கெளம்பிட்டேன்னு போன் பண்ணாங்க, ட்ராஃபிக்ல நின்னுக்கினு இருப்பாங்க. வர்ற வரைக்கும் நான் எங்கியும் போக மாட்டேன்" என்றாய். அவன் பையைக் கழற்றிக் கீழே வைத்தான். ஒரு பெரிய மனிதன் பிள்ளையிடம் தெரியாது என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அதை நடத்துகிற ஸ்டெல்லா மிஸ், சாந்தோம்காரர், என்னைப் பார்த்துவிட்டு வந்தார். "சார், உங்க பையனுக்கு இன்னும் ஒண்ணுமே தெரியாது. ஒருத்தன் அடிச்சா இன்னொருத்தனைத் திட்டுறான், டிபனைக் கீழ கொட்டுறான். ஆனா பிள்ளைங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேங்கிறான். அது போதும், மத்ததை ஒரு வருஷத்துல கத்துக்குவான்" என்றார். வடபழனியில் நீ செய்தது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள், அங்கே போய் ஒரு மணி நேரம் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கலாம்.

அசிங்கமான பேச்சு ஒன்றும் வந்தது. ஆம்பளைப் பையனுக்குச் சின்னப் பிள்ளைகளோடு என்ன வேலை என்று. குரூப்பில் எழுதவில்லை, போனில் குசுகுசுத்தார்கள். அதைக் கேட்டு உன் அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. உனக்கு இதில் மட்டும் ஒரு புத்தி சொல்கிறேன். இப்படிப் பார்க்கிறவர்கள் கோபாலபுரத்திலும் இருப்பார்கள். உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பிள்ளையை ஸ்டெல்லா மிஸ்ஸிடம் மட்டும் விடுகிற அம்மாக்கள் இருப்பார்கள். அவர்கள் மேல் கோபப்படாதே. பெற்றவள் இரண்டு தடவை பார்க்கத்தான் வேண்டும், பார்க்காமல் விடுகிறவளை நினைத்துத்தான் நீ கவலைப்பட வேண்டும். கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும், கூட இன்னொருவர் இருக்க வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறதாமே. அதை முறைத்துக்கொண்டு செய்யாதே, முழு மனதோடு செய். ஆனால் போனில் குசுகுசுத்த நம் ஆட்களுக்கு அந்த உரிமை இல்லை. அவர்கள் எந்தப் பிள்ளையைக் காப்பாற்ற அப்படிப் பேசினார்கள்?

பெண் யார் கொடுப்பார்கள் என்ற கவலையும் பெரிதாக இருக்கிறது. பெரியப்பா பேசிவைத்திருந்த இடம் கைவிட்டுப் போயிற்றாம். நல்லது. பிள்ளைக்குச் சோறூட்டத் தெரிந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்கிற வீட்டில் நமக்கு என்ன சம்பந்தம்?

இவ்வளவு வீராப்பாக எழுதுகிறேனே, எனக்குப் பயமே இல்லை என்று நினைத்துவிடாதே. இருக்கிறது. அண்ணன் என்னைப் படிக்க வைத்தவர், கல்யாணம் செய்து வைத்தவர். அவர் உட்காரச் சொன்னால்தான் இன்றும் அவர் முன்னால் உட்காருகிறேன். நேற்று அவர், "திங்கக்கெழம அவன் கடைக்கு வரலன்னா நீயும் வராத" என்றார். அவர் சொல்லி நான் கேட்காதது இதுவரை ஒன்றும் இல்லை. இதைக் கேட்கப் போவதில்லை. திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் மேற்கு மாம்பலத்திலிருந்து நடந்தே வருவேன், ஷட்டரைத் தூக்குவேன், என் இடத்தில் உட்காருவேன். அது என் கடையும்தான். மகன் எங்கே என்று கேட்கிற ஒவ்வொருவரிடமும், பிள்ளை பார்க்கிற வேலை கற்கப் போயிருக்கிறான் என்று உரக்கச் சொல்வேன். அண்ணன் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

இன்று மதியம் கூட்டம் நெரிகிற நேரத்தில் கடையை விட்டுவிட்டு மந்தைவெளி போனேன். ஆசாரிக்கு அங்கிருந்தே போன் போட்டு, நாளை வர வேண்டாம் என்று சொன்னேன். சம்பந்தியம்மா கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் காபியை வைத்துவிட்டு, "ஸ்கூல்ல எல்லாரும் ஏன் ஒரு காதுல மட்டும் தோடுன்னு கேக்கறாங்களாம். இன்னொண்ணு நான் சொல்றப்பன்னு சொல்லிட்டு வந்திருக்கா உங்க பேத்தி" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார். அக்கா சமையலறை வாசலில் நின்றாள். "ஆசாரியை வேண்டாம்னு சொல்லிட்டீங்க சரி, பெரியப்பாகிட்ட யார்ப்பா சொல்றது?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவள் நம்பவில்லை. நான் அவளை வளர்த்த லட்சணத்துக்கு அவள் எப்படி நம்புவாள்?

சஷ்டிகா சோபாவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். குத்திய காதைக் கையால் பொத்தவில்லை, குத்தாத காதைத்தான் பொத்திக்கொண்டிருந்தாள். மெதுவாக வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, நாளைக்குக் குத்துவாங்களா?" என்றாள்.

"நீ சொல்ற வரைக்கும் கெடையாது."

"மாமா மாதிரி நெஜமாவா?"

"நெஜமா."

அவள் யோசித்தாள். "பெரிய தாத்தா வந்து புடிச்சிக்கிட்டா?"

அக்கா என்னைப் பார்த்தாள். சம்பந்தியம்மாவும் பார்த்தார். இந்தத் தடவை என் கையில் தாம்பாளம் ஒன்றும் இல்லை.

"வரட்டும்" என்றேன்.

நாளை காலையிலிருந்து நான் மந்தைவெளியில் இருப்பேன். நீ திங்கட்கிழமைக்குச் சட்டையைத் தேய்த்து வை.

அப்பா